சுசீந்திரம் குளத்து நாரையும் தங்கூசி நரம்பும்

நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ல போறவங்க சுசீந்திரம் பக்கம் வரும்போது ஜன்னல் வழியா ஒரு தடவையாவது அந்தக் குளத்தைப் பாத்திருப்பீங்க, ரோட்டை ஒட்டியே தண்ணி, தாமரை, ஓரத்துல சம்பங்கோரை, அதுக்கு நடுவுல ஒத்தக்கால்ல நிக்கற நாரைங்க. மழை விட்டு மார்கழி தை வந்துட்டா கூட்டம் இன்னும் கூடும், கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, அரிவாள் மூக்கன், வடக்க இருந்து வர்ற நீலச்சிறகி, ஊசிவால் வாத்துன்னு பாக்கப் பாக்க அலுக்காது. 2022ல சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கும் வேம்பனூர் குளத்துக்கும் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம் கெடச்சுது. தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரி கணக்குக்கு 20 ராம்சார் இடம், அதுல ரெண்டு நம்ம சின்ன ஜில்லாவுலங்கறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம், இதை யாரு கேட்டாலும் நான் பெருமையாத்தான் சொல்லுவேன்.

ஆனா இன்னைக்கு எழுத வந்தது வேற விஷயம். அந்தஸ்து கெடச்ச பெறகும் இந்தப் பறவைங்க சாகுது, எதனால சாகுதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, வேட்டைம்பாங்க, மருந்துத் தண்ணிம்பாங்க, குப்பைம்பாங்க. எல்லாமே உண்மைதான். கொக்கு பிடிக்கறவன் இப்பவும் இருக்கான், குருட்டுக்கொக்கைக் கண்ணி வச்சுப் பிடிச்சு கறிக்கு விக்கறது முழுசா நிக்கல, அதுக்குச் சட்டம் இருக்கு, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல சாதாரணக் குத்தத்துக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதத்தை 2022 திருத்தத்துல ஒரு லட்சம் வரைக்கும்னு ஏத்திட்டாங்க. பிடிச்சா கேஸ் போடலாம். ஆனா யாருமே கொல்லணும்னு நெனைக்காம, யாரு மேலயும் கேஸ் போட முடியாம, தெனமும் கொல்லற ஒண்ணு நம்ம ஊருல இருக்கு. அது பழைய வலை. கிழிஞ்சு போச்சுன்னு தண்ணியிலயோ கரையிலயோ விட்டுட்டுப் போற தங்கூசி வலை (ஒத்தை இழை நைலான் நரம்புல பின்னுனது), தூண்டில் நரம்பு, தோட்டத்து வேலில கட்டுன வலை, கடல்ல அந்து போன வலை. நான் பாத்த வரைக்கும் குளத்துல இருந்து கடல் வரைக்கும் நம்ம ஜில்லாவுல இந்த ஒண்ணு செய்யற நாசத்தை வேற எதுவும் செய்யல, ஆனா இதை யாருமே பேசறது இல்ல.

முந்தி பருத்தி நூல் வலை. அது கிழிஞ்சா உக்காந்து பொத்துவாங்க, ஏன்னா விலை கூட. அப்படியே தண்ணில விட்டாலும் கொஞ்ச மாசத்துல மக்கி அந்து போயிரும். தங்கூசி அப்படி இல்லல்லா, விலை கம்மி, கிழிஞ்சா பொத்துறதுக்கு எடுக்கற நேரத்துக்குப் புதுசு ஒரு துண்டு வாங்கிரலாம். தண்ணிக்குள்ள போட்டா கண்ணுக்கே தெரியாது, மீனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான அதை அப்படி செஞ்சிருக்கு, மீனுக்கே தெரியாதது பறவைக்கு எப்படித் தெரியும். மக்காது, நூத்துக்கணக்கான வருஷத்துக்கு அப்படியே கெடக்கும். வெயில்ல காஞ்சு நொறுங்குனாலும் சின்னச் சின்னத் துணுக்கா அதே தண்ணிலதான் போகும்.

தேரூர் பக்கம் தாமரை பறிக்கற அண்ணாச்சி ஒருத்தர் எனக்குப் பழக்கம், லாரி டியூப்ல காத்தடிச்சு அதுல ஏறிப் படுத்துக்கிட்டே கையால துழாவிப் போயி பூ பறிப்பாரு, தோவாளை மார்க்கெட்டுக்குப் போற பூ. குளத்துல எங்க என்ன கெடக்குன்னு அவர மாதிரி யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலைல போன் பண்ணி "மக்கா, நீ இப்பவே கெளம்பி வா, ஒரு மஞ்சமூக்கு நரம்புல மாட்டிக்கிட்டு கெடக்கு, நான் கிட்ட போனா படபடன்னு அடிக்கு, இன்னும் இறுகும்லா"ன்னாரு. போயிப் பாத்தா முழங்கால் அளவு தண்ணில நாரை தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்குது, நிமிரவே மாட்டேங்குது. கிட்ட போன பெறகுதான் விஷயம் புரிஞ்சுது. நரம்பு கீழ் அலகைச் சுத்தி, அங்க இருந்து எறங்கி இடது கால்ல விரலுக்கு மேல சுத்தி இருக்கு. அது தலையை நிமித்துனா கால் இழுபடுது, காலை ஊனுனா தலை இழுபடுது.

இந்த நாரைக்கு ஏன் இது அடிக்கடி நடக்குதுன்னா அது மீன் பிடிக்கற வெதம் அப்படி. கொக்கு மாதிரி கண்ணால பாத்து குத்திப் பிடிக்கறது இல்ல. அலகைப் பாதி தெறந்து தண்ணிக்குள்ள விட்டு அங்கயும் இங்கயும் வீசிக்கிட்டே நடக்கும், காலால சேறைக் கலக்கிவிடும், அலகுல மீன் தட்டுனா அந்த நொடியே டப்புன்னு மூடும். எல்லாமே தொடு உணர்ச்சிதான். அப்படித் தெறந்த அலகோட நடக்கறதுக்கு நடுவுல ஒரு நரம்பு கெடந்தா அது நேரா அலகுக்குள்ளதான் போகும். நீர்க்காக்காவும் பாம்புத்தாராவும் வேற மாதிரி சாகும், அதுங்க முங்கி நீந்திப் பிடிக்கறது, தண்ணிக்கடியில வலையில மாட்டுனா மேல வந்து மூச்சு விட முடியாம அங்கனயே முடிஞ்சுரும், நமக்குத் தெரியவே தெரியாது.

அண்ணாச்சி தோள்ல கெடந்த தோர்த்தை எடுத்து பைய பின்னாடி இருந்து தலையோட சேத்து மூடுனாரு. கண்ணு மறைஞ்சதும் துடிப்பு பாதி அடங்கிட்டு. ஒரு கையால அலகை மூடிப் பிடிக்கணும், இது ரொம்ப முக்கியம், நாரையோ கொக்கோ பயந்துச்சுன்னா நேரா நம்ம கண்ணைப் பாத்துத்தான் குத்தும். நான் கத்தரிக்கோல் கொண்டு போயிருந்தேன், அது அலகுப் பக்கம் சரியா வேலை செஞ்சுது, ஆனா கால்ல நரம்பு தோலை அறுத்து உள்ள எறங்கிட்டதால கத்தரி முனை போகல, கடைசில நகவெட்டியாலதான் ஒவ்வொரு சுத்தா வெட்டுனோம். நகவெட்டி வாய் சின்னது, வளைஞ்சது, தோலைத் தொடாம நரம்பை மட்டும் கடிக்கும். அதுல இருந்து என் வண்டி சாவியிலயே ஒரு நகவெட்டி தொங்குது. நரம்புக்குக் கீழ கால் வீங்கி நெறமே மாறிப் போயிருந்துது. வனத்துறைக்குச் சொல்லி அவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க, கால்நடை டாக்டர் பாத்து ரெண்டு விரலைக் காப்பாத்த முடியலன்னு சொன்னாங்க, ஆனா நாரை பொழைச்சு பறந்துட்டு. அண்ணாச்சி அன்னைக்கு டியூப்ல திரும்பப் போயி அந்த எடத்துல கெடந்த வலையை முழுசா இழுத்துக் கரையில போட்டாரு. சேறும் பாசியுமா ஒரு குவியல், அதுக்குள்ள ஏற்கனவே செத்து எலும்பாப் போன பறவை ரெண்டு மூணு, உயிரோட ஒரு ஆமை, எத்தனையோ சிலேப்பி. யாருமே போட்டுப் பிடிக்காத வலை தன்பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. ஒரு மீன் சாகும், அதைத் திங்க நீர்க்காக்கா வரும், அது மாட்டும், அதைத் திங்க ஆமை வரும், அதுவும் மாட்டும், இது முடியவே முடியாது.

இதுக்கு மீன்பாசி குத்தகை, அதாவது குளத்துல மீன் வளத்துப் பிடிக்கற உரிமையை ஏலத்துல எடுத்தவங்களைத் திட்டறது சுலபம், நான் அதைச் செய்ய மாட்டேன். எங்க பக்கத்துல ஒரு குளத்தை ஏலம் எடுத்தவர்கிட்ட இதைப் பத்திப் பேசுனேன். குளத்துக்குக் குறுக்க தலைக்கு மேல தங்கூசி நரம்பை இழுத்துக் கட்டியிருந்தாரு, நீர்க்காக்கா எறங்காம இருக்க. "தம்பி, கடன் வாங்கி ஏலம் எடுத்து கட்லா, ரோகு குஞ்சு விட்டிருக்கேன், நீர்க்காக்கா கூட்டமா எறங்கி அள்ளிட்டுப் போனா நான் யார்ட்ட போயி கேக்கது, உங்க வனத்துறை தருமா"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான. அவரு நஷ்டத்துக்கு ஒரு வழி சொல்லாம நரம்பை அவுருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதனால நாங்க பேசுனது இதுதான், கண்ணுக்குத் தெரியாத நரம்புக்குப் பதிலா மொத்தமா இருக்கற கலர் கயிறு, அதுல ரிப்பன் மாதிரி துண்டுத்துணி தொங்க விடறது. பறவைக்குத் தூரத்துலயே தெரிஞ்சா அது எறங்கவே யோசிக்கும், அவருக்கு வேண்டியதும் அதுதான், மாட்டிச் சாகணும்னு அவருக்கு என்ன வேண்டுதலா. ரெண்டாவது, குஞ்சை ரொம்பச் சின்னதா விடாம கொஞ்சம் வளத்து விடறது. மூணாவது, தென்ன மட்டையும் முள்ளுக் கெளையும் கட்டாக் கட்டி குளத்துக்குள்ள அங்கங்க போடறது, குஞ்சு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிடும், நீர்க்காக்கா நொழைய முடியாது. மட்டைக்கு இங்க பஞ்சமா. அவரு கயிறு மாத்தியிருக்காரு, மட்டையும் போட்டிருக்காரு. நரம்பு இப்ப அங்க இல்ல.

குளத்தை விட்டு வெளிய வந்தாலும் இதே கதைதான். கொளச்சல், முட்டம் பக்கம் கடல்ல உபயோகிச்சு முடிஞ்ச வலை மலிவா கெடைக்கும், அதை வாங்கி நம்ம ஆளுங்க வீட்டுத் தோட்டத்துக்கு வேலியாக் கட்டுவாங்க, கோழி உள்ள வராம இருக்க, கீரையைக் கொத்தாம இருக்க. எங்க தெருவுலயே பாதி வீட்டுல இருக்கு. அதுல சாரைப்பாம்பு மாட்டும். பாம்புக்குச் செதில் பின்பக்கமா படிஞ்சிருக்கறதால வலைக்கண்ணுக்குள்ள தலையை விட்டுட்டுதுன்னா முன்னால போக முடியும், பின்னால எடுக்க முடியாது, செதில் மாட்டிக்கிடும். நெளிய நெளிய இறுகும். காலைல பாத்தா வெயில்ல காஞ்சு செத்துக் கெடக்கும். எலி பிடிச்சுத் தின்னு நம்ம வயலுக்கு உதவற உயிர், அதைக் கொல்லறதுக்கு யாருக்கும் எண்ணம் இல்ல. வேலி வேணும்னா தாராளமா போடுங்க, ஆனா தரையில இருந்து ஒரு முழம் வரைக்கும் வலையை விடாம தகரமோ ஓலைத்தட்டியோ வச்சு மேல வலை கட்டுங்க. மாட்டுனது நல்லபாம்பா சாரையான்னு தெரியாம கிட்ட போகாதீங்க, பாம்பு பிடிக்கறவங்களையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்க.

குலசேகரம், திருவட்டார் பக்கம் ரம்புட்டான் சீசன்ல மரத்தையே வலையால மூடுவாங்க. பழம் விலை போகுது, பழந்தின்னி வௌவால் ஒரே ராத்திரியில நாசம் பண்ணிரும், அதனால மூடறாங்க, அது தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா தொளதொளன்னு பெரிய கண்ணு வலையைப் போட்டா வௌவால் அதுல சிக்கி சிறகு கிழிஞ்சு கெடக்கும். சின்னக் கண்ணு வலையை இழுத்து விறைப்பாக் கட்டுனா அது மேல உக்காந்து எழும்பிப் போயிரும், பழமும் தப்பும் வௌவாலும் தப்பும். முன்னாடி சட்டத்துல பழந்தின்னி வௌவாலை எலி, காக்காவோட சேத்து தொல்லை தர்ற விலங்குன்னு அட்டவணை 5ல வச்சிருந்தாங்க, 2022 திருத்தத்துல அந்த அட்டவணையையே தூக்கிட்டாங்க. எத்தனையோ காட்டு மரத்துக்கு வெதை பரப்பறதே இதுதான். ஒண்ணு மட்டும் கவனம், வௌவாலை வெறுங்கையால தொடாதீங்க, நிபா விஷயம் பக்கத்துலயே கேரளாவுல நாம பாத்தோம்லா.

கடலுக்கு வருவோம். இங்கதான் மனசு ரொம்பக் கஷ்டப்படுது. நம்ம கடல்ல அடியில பார் (பாறை) ஜாஸ்தி, வலை பார்ல சிக்கி அந்து போறது மீன்காரங்களுக்கும் பெரிய நஷ்டம், வலை ஒண்ணும் சும்மா கெடைக்கல. அந்த வலை அங்கயே நின்னு வருஷக்கணக்கா பிடிக்கும். வருஷத்துக்கு 61 நாள் மீன்பிடி தடைக்காலம், நம்ம ஜில்லாவுக்கு ரெண்டு தடைக்காலம் வருது, சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்குல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடல் கணக்குல ஜூன் 1ல இருந்து ஜூலை 31. விசைப்படகு கரையில நிக்கும், ஆனா அடியில கெடக்கற அந்துபோன வலைக்குத் தடைக்காலம் கெடையாது, மீன் முட்டை போடற அந்த மாசங்கள்லயும் அது பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

பங்குனி ஆமை நம்ம கரைக்கு முட்டை போட வர்றது தை, மாசி, பங்குனியில. ராத்திரி கரையேறி குழி தோண்டி நூறுக்கு மேல முட்டை போட்டு மூடிட்டுப் போகும், ஒண்ணரை ரெண்டு மாசத்துல குஞ்சு பொரியும். முட்டையை எடுத்துப் பாதுகாப்பா வச்சுப் பொரிச்சு கடல்ல விடற வேலையை வனத்துறை செய்யுது, தெக்குறிச்சி கடற்கரையில குஞ்சு விடும்போது நீங்களும் போயிருப்பீங்க, பிள்ளைங்க என்ன சந்தோஷமாப் பாக்கும். ஆனா தாய் ஆமை வலையில மாட்டிச் செத்தா குஞ்சு விட்டு என்ன ஆகப் போகுது. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கெடையாது, மூச்சு விட மேல வந்தே ஆகணும். 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குன ஆமைங்களை எல்லாரும் டிவியில பாத்தோம், அது இழுவலையில மூச்சு முட்டிச் செத்ததுன்னுதான் சொன்னாங்க. கரையில ஒண்ணு ரெண்டா நம்ம பக்கம் ஒதுங்கும்போது அது செய்தியே ஆகறது இல்ல.

இதுல ஒரு விஷயம் மீன்காரங்க நெறைய பேருக்குத் தெரியும், கரையில இருக்கற நமக்குத்தான் தெரியாது. வலையில மாட்டி அசையாம கெடக்கற ஆமை எல்லாம் செத்தது இல்ல. தண்ணி குடிச்சு மயங்கியிருக்கலாம். அதை மல்லாத்திப் போடக்கூடாது, வயிறு கீழ இருக்கற மாதிரி வச்சு பின்பக்கத்தை மட்டும் ஒரு ஜாண் உயரத்துக்குத் தூக்கி எதையாவது அண்டக் கொடுக்கணும், தண்ணி வாய் வழியா வடியும். நெழல்ல வச்சு ஈரச்சாக்கால மூடணும், மூக்கை மூடிரக்கூடாது. சிலது தெளிய மணிக்கணக்காகும், ஒரு நாள் கூட ஆகலாம், அவசரப்பட்டு கடல்ல தள்ளிட்டா திரும்ப முங்கிச் செத்துரும்.

பறவை மாட்டியிருக்கறதைப் பாத்தா என்ன செய்யணும்னு நெறைய பேரு கேக்கறீங்க. மொதல்ல நரம்பை இழுக்காதீங்க, வெட்டத்தான் வேணும். வாய்க்குள்ள நரம்பு போயிருந்தா உள்ள தூண்டில் முள்ளு இருக்கலாம், அப்பயும் இழுக்காம ஒரு சாண் வெளிய விட்டு வெட்டிட்டு டாக்டர்கிட்ட விட்டுருங்க. துணியால கண்ணை மூடுனா பாதி வேலை முடிஞ்சுது. வாயைத் தெறந்து தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாடியே இருக்கறதால தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிரும், நல்லெண்ணத்துல தண்ணி குடுத்தே சாகற பறவை இருக்கு. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில இருட்டுல வைங்க, சுத்தி நின்னு போட்டோ எடுக்க வேண்டாம், அந்தப் பயத்துலயே செத்துரும். நாரை மாதிரி பெருசு, நீளக்கால் உள்ளதுன்னா காலை மடக்கி ரொம்ப நேரம் பிடிச்சு வைக்கக்கூடாது, பெறகு நிக்கவே முடியாமப் போகும். வனத்துறைக்குச் சொல்லிருங்க, வீட்டுல வச்சு வளத்தா அதுவே குத்தம். ஆடு மாடு நாய்க்கு அடிபட்டாத்தான் 1962ங்கற கால்நடை ஆம்புலன்ஸ் போன் நம்பர்.

இப்ப நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. குளம் ஏலம் விடறது நீர்வளத்துறையோ மீன்வளத்துறையோ பஞ்சாயத்தோ யாரா இருந்தாலும், மீன்பாசி குத்தகை ஷரத்துல ஒரு வரி சேக்கணும்: குத்தகை முடியும்போது குளத்துல கெடக்கற வலை, நரம்பு எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனாத்தான் டெபாசிட் திரும்பக் கெடைக்கும். பணம் திரும்ப வரணும்னா வலையும் வெளிய வந்துரும். ரெண்டாவது, கடற்கரை ஊருலயும் குளத்தங்கரையிலயும் கிழிஞ்ச வலையைப் போட ஒரு எடம், எடைக்கு ஒரு சின்ன விலை. நைலானை உருக்கி மறுபடி உபயோகிக்க முடியும், பழைய பிளாஸ்டிக்கை எடுக்கற ஆக்கர்க்காரரே வந்து எடுப்பாரு, சேத்து வைக்க எடம்தான் வேணும். இதை மனுவா எழுதி ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல குடுக்கப் போறோம், தாமரை பறிக்கற அண்ணாச்சி வர்றாரு, கயிறு மாத்துன குத்தகைக்காரரும் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காரு. கிராமசபை நடக்கற ஊருக்காரங்க ஜனவரி 26 கூட்டத்துல இதையே தீர்மானமாக் கொண்டு வாங்க, மனு நகல் வேணும்னா கேளுங்க, அனுப்பறேன், உங்க ஊரு குளத்துப் பேரை மட்டும் மாத்திக்கிட்டா போதும்.